‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிவிட்டால் போதுமா?

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை... சர்ஃப் போர்டு, கயாக், சைக்கிள், ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் சிறு கடைக்காரர்கள் கையெழுத்து வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

சனி, ஞாயிறு விடிந்தாலே கிழக்குக் கடற்கரைச் சாலை களைகட்டிவிடுகிறது. முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் அலைச்சறுக்கு, மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் என்று செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கடலோரம் முழுக்கச் சின்னச் சின்ன வாடகைத் தொழில்கள் முளைத்திருக்கின்றன.

மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் 2012-ல் கோவளத்தில் சர்ஃபிங் பள்ளியைத் தொடங்கியபோது, அலைமேல் நிற்பது சென்னைக்காரர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு ‘நீலக்கொடி’ச் சான்று கிடைத்தது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச சர்ஃபிங் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பும் அங்கேயே நடந்தது. கடலை நன்றாக அறிந்த மீனவ இளைஞர்கள் பலர் இன்று பயிற்சியாளர்களாகவும், கடை முதலாளிகளாகவும் இருக்கிறார்கள்.

கடல் இவர்களுக்கு அத்துப்படி. காகிதம்தான் தகராறு.

இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு ஆங்கிலப் படிவத்தை இறக்கி, பெயரை மட்டும் மாற்றி, ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது பல சிறு தொழில்களில் நடப்பதுதான். ‘எது நடந்தாலும், உயிரே போனாலும், நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அதில் இருக்கும். வாடிக்கையாளரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். இதற்குப் பெயர்தான் ‘வெய்வர்’. அதாவது, பொறுப்புத் துறப்புப் படிவம். அந்தத் தாள் ஃபைலில் இருக்கும்வரை தனக்குக் கவலையில்லை என்று கடைக்காரர் நம்புவார்.

ஒரே ஒரு விபத்து போதும், அந்த நம்பிக்கை உடைய. அப்போது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நியாயம் கிடைப்பதும், கடைக்காரரின் குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் தப்பிப்பதும் அந்தத் தாளில் என்ன இருக்கிறது, அதைவிட முக்கியமாக அன்று கடையில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

ஒரு சேலையும் 15 சதவிகிதமும்

இந்த விவகாரம் கடலில் ஆரம்பிக்கவில்லை. சென்னையில் ஒரு சலவைக் கடையில் ஆரம்பித்தது.

வாடிக்கையாளர் ஒருவர் புதுச் சேலையைச் சலவைக்குக் கொடுத்தார். சேலை தொலைந்துபோனது. ரசீதின் பின்பக்கத்தில் ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தது. துணி தொலைந்தால் அதன் மதிப்பில் 15 சதவிகிதம்தான் கிடைக்கும் என்பது அந்த நிபந்தனை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. ‘லில்லி ஒயிட்’ வழக்கு என்று சட்டக்கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கப்படும் அந்தத் தீர்ப்பு, 1966-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றது.

அந்த நிபந்தனை பொது நலக் கொள்கைக்கு எதிரானது, செல்லாது என்றது நீதிமன்றம். காரணம் எளிது. நூறு ரூபாய்ச் சேலையைத் தொலைத்துவிட்டுப் பதினைந்து ரூபாய் கொடுத்தால் போதும் என்றால், புதுத்துணிகளை எல்லாம் ‘தொலைப்பது’ லாபகரமான தொழிலாகிவிடும். கவனக்குறைவுக்குப் பரிசு கொடுத்ததுபோல ஆகிவிடும்.

ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எதையாவது அச்சடித்துவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்ற எண்ணம் நம் ஊரில் அன்றே அடிபட்டுப்போனது.

காணாமல்போன கார்

அடுத்தது டெல்லி. 1998 ஆகஸ்ட் 1-ம் தேதி இரவு தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்த ஒருவர், தன் மாருதி ஜென் காரின் சாவியை அங்கிருந்த ஊழியரிடம் பார்க்கிங்குக்காகக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ‘வண்டியை நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சிட்டிருப்பதைக் காட்டியது ஹோட்டல்.

2019 நவம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னுடைய அல்லது தன் ஊழியர்களுடைய கவனக்குறைவால் விருந்தினரின் வண்டிக்கு வரும் இழப்பிலிருந்து, டோக்கனில் எழுதிவைத்து ஒரு ஹோட்டல் தப்பிக்க முடியாது என்றது. சாவியை வாங்கியது நிரூபணமானால், தான் கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டவேண்டிய சுமை ஹோட்டலுடையது.

குளிக்கப் போகும் வாடிக்கையாளரின் மொபைல், பர்ஸ், கார் சாவி ஆகியவற்றை வாங்கி லாக்கரில் வைக்கும் கடற்கரைக் கடைகள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. ‘பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பொருளைக் கைநீட்டி வாங்கினால், பலகை கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இன்னொரு கோவளத்தில் நடந்தது

சேலைக்கும் காருக்குமே இப்படி என்றால், உயிருக்கு?

கேரளத்திலும் ஒரு கோவளம் இருக்கிறது. அங்கே கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஹோட்டலின் நீச்சல் குளத்தில், 2006 மார்ச் மாதம் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்தார். குளத்தில் உயிர்காப்பாளர் இருந்தாரா? இருந்தார். ஆனால், அவருக்கே மது பரிமாறும் வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

விருந்தினர்களுக்குக் குளம் வைத்துக்கொடுப்பவர், அவர்கள் உயிர் விஷயத்தில் நியாயமான அக்கறை எடுக்கக் கடமைப்பட்டவர். காப்பாற்றும் வேலையில் இருப்பவரின் கண் வேறு வேலையில் இருந்தால், அது கடமை தவறியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பயிற்சியாளரே ரசீது போட்டு, போட்டோவும் எடுத்து, அடுத்த குழுவுக்கு போர்டையும் துடைத்துக்கொண்டிருந்தால் தண்ணீரைப் பார்ப்பது யார்? விபத்துக்குப் பிறகு எழும் முதல் கேள்வி இதுதான்.

அமெரிக்காவில் செல்லும்... இங்கே?

இணையத்தில் கிடைக்கும் வெய்வர்களில் பெரும்பகுதி அமெரிக்கச் சரக்கு. அங்கே பல மாநிலங்களில், தெளிவாக எழுதப்பட்ட வெய்வர் சாதாரணக் கவனக்குறைவுக்குக்கூடச் செல்லும். அங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. வர்ஜீனியா, லூசியானா போன்ற மாநிலங்கள் உடல் காயத்துக்கான முன்கூட்டிய துறப்பை ஏற்பதில்லை. இங்கிலாந்து இன்னும் கறார். கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கும் உடல் காயத்துக்குமான பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் துறக்க முடியாது என்று 1977-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் வெய்வருக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. பொது நலக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது அதன் 23-வது பிரிவு. பேரம் பேசும் பலமே இல்லாதவர்மீது திணிக்கப்படும் நியாயமற்ற நிபந்தனையை ஏற்க முடியாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற ஒன்றையே தனியாக வரையறுத்திருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் திசை புரியும். தன் கவனக்குறைவுக்குத் தானே மன்னிப்புச் சீட்டு எழுதிக்கொள்வதை நம் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. தவிர, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. கிரிமினல் வழக்கை எந்தக் கையெழுத்தும் தடுக்காது.

அப்படியானால் படிவமே வீணா?

வீணில்லை. அதன் வேலை வேறு.

அலையிலிருந்து விழுவது, உப்புநீர் கண்ணில் படுவது, போர்டு முழங்காலில் இடிப்பது, ஜெல்லி மீன் தீண்டுவது... இவையெல்லாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடலில் நடக்கக் கூடியவை. விளையாட்டோடு ஒட்டிப் பிறந்த ஆபத்துகள். இவற்றைத் தெரிந்தே ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்குப் படிவம் நல்ல சாட்சி. அறுந்துபோகும் நிலையில் இருந்த கால் கயிறு, லைஃப் ஜாக்கெட் இல்லாத கயாக், எச்சரிக்கை நாளில் கடலில் இறக்கிவிட்டது... இவை கடைக்காரரின் தவறுகள். இவற்றைப் படிவம் காப்பாற்றாது.

எனவே, ‘பொறுப்பு எதுவும் இல்லை’ என்று ஒற்றை வரியில் எழுதுவதைவிட, ‘ஆபத்துகள் இவை, எனக்கு விளக்கினார்கள், புரிந்தது’ என்று வரிசைப்படுத்தி எழுதும் படிவத்துக்கே மதிப்பு அதிகம். அதில் உடல்நலக் கேள்விகளும் இருக்க வேண்டும். நீச்சல் தெரியுமா, வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு உண்டா, கர்ப்பமா, மது அருந்தியிருக்கிறாரா, அவசரத்துக்கு யாரை அழைப்பது? வாடிக்கையாளர் உண்மையை மறைத்திருந்தால் அந்தப் பதில் கடைக்காரருக்குத் துணை நிற்கும். உண்மையைச் சொல்லியும் கடலில் இறக்கினால், அதே தாள் எதிராகத் திரும்பும்.

குதிரைக்கு எழுதிய சட்டம் ஸ்கூட்டருக்கும்

பொருளை வாடகைக்கு விடுவதைப் பற்றி 1872 சட்டத்தில் அருமையான உதாரணங்கள் இருக்கின்றன. எல்லாம் குதிரையும் கோச்சு வண்டியும்தான். குதிரை இருந்த இடத்தில் போர்டையும் ஸ்கூட்டரையும் வைத்துப் படித்தால் போதும்.

150-வது பிரிவு கடைக்காரருக்கானது. வாடகைக்கு விடும் பொருளில் கோளாறு இருந்து, அதனால் எடுத்தவருக்குக் காயம் பட்டால், கோளாறு தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வாடகைக்கு விட்டவரே பொறுப்பு. பாதுகாப்பற்ற கோச்சு வண்டியை, அது பாதுகாப்பற்றது என்று அறியாமலே வாடகைக்கு விட்டவரும் பொறுப்பு என்பது சட்டம் தரும் உதாரணம். தினமும் காலையில் பிரேக், டயர், போர்டின் துடுப்பு, கால் கயிறு என்று ஒவ்வொன்றையும் பார்த்து நோட்டில் குறிப்பது இதனால்தான் அவசியம்.

151 முதல் 154 வரையிலான பிரிவுகளும் 161-வது பிரிவும் வாடகைக்கு எடுப்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி பார்த்துக்கொள்வதுபோல அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்ன வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். காசிக்குப் போவதாகச் சொல்லிக் குதிரையை எடுத்தவர் கட்டாக்குக்கு ஓட்டினார். எவ்வளவு கவனமாக ஓட்டியும் குதிரை தற்செயலாக விழுந்து அடிபட்டது. அவரே நஷ்டம் தர வேண்டும் என்கிறது சட்டம். மாமல்லபுரம் சுற்றிப் பார்க்க எடுத்த ஸ்கூட்டர் புதுச்சேரி போய் அடிபட்டு வந்தாலும் கணக்கு இதுதான். ஆனால், ‘எங்கே வரை போகலாம், யார் ஓட்டலாம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் வாதாட முடியும்.

குழந்தைகள் வந்தால் கூடுதல் கவனம்

18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவும், 1903-ல் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பும் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. கல்லூரி முதலாண்டு மாணவர்கள் கும்பலாக வந்தால் அதில் 17 வயதுக்காரர் இருக்க வாய்ப்பு உண்டு. அடையாள அட்டை பார்க்காமல் கையெழுத்து வாங்குவது வெற்றுத் தாளில் வாங்குவதற்குச் சமம்.

பெற்றோர் கையெழுத்து? அவசியம் வாங்க வேண்டும். பிள்ளை கடலில் இறங்கச் சம்மதம், உடல்நலத் தகவல், மருத்துவ உதவிக்கு அனுமதி ஆகியவற்றுக்கு அது உதவும். ஆனால், காயம்பட்ட குழந்தையின் இழப்பீட்டு உரிமையையே பெற்றோரால் எழுதிக்கொடுத்துவிட முடியும் என்று நம்பக் கூடாது. காலவரம்புச் சட்டமும் சிறாருக்குச் சலுகை தருகிறது. 18 வயது முடிந்த பிறகும் வழக்குப் போட அவகாசம் உண்டு. எனவே, சிறாரின் படிவத்தை அவர்களுக்கு 21 வயது ஆகும்வரை பத்திரப்படுத்துவது நல்லது. பெரியவர்களின் படிவத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

டெபாசிட், அபராதம், பாஸ்போர்ட்

போர்டு உடைந்தால் 50,000 ரூபாய், ஒரு மணி நேரம் தாமதித்தால் 5,000 ரூபாய் என்று மிரட்டலாக எழுதுவதால் பயனில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது 74-வது பிரிவு. வெளிப்படையாக அளவுக்கு மீறிய டெபாசிட், நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத அபராதம் இரண்டையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகவே பட்டியலிடுகிறது.

சிறு கீறல், துடுப்பு உடைதல், போர்டு இரண்டாக முறிதல் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பழுதுபார்க்கும் செலவை ஒட்டிய தொகையைப் பட்டியலாகக் கடையில் மாட்டிவைப்பது சண்டையைத் தவிர்க்கும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நான்கு பக்கமும் மொபைலில் படம் எடுத்துக்கொண்டால், ‘இந்தக் கீறல் முன்பே இருந்தது’ என்ற வாக்குவாதத்துக்கே இடமில்லை.

வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை அடமானம்போல வாங்கி வைப்பதை விட்டுவிட வேண்டும். இந்திய பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து. வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் அடகுப் பொருள் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுப்பதும் அபத்தம். வண்டி ஓட்டும்போது அது ஓட்டுபவரிடம் இருக்க வேண்டியது. பார்த்துவிட்டு, தேவையான விவரத்தைக் குறித்துக்கொண்டு திருப்பித் தருவதே சரி. வாங்கிய ஆதார் நகல்களை மேசைமேல் பரப்பி வைக்காமல் பூட்டி வைக்க வேண்டும்.

ஸ்கூட்டர் வாடகை: படிவத்துக்கு முன் உரிமம்

சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வெள்ளைப் பலகை ஸ்கூட்டரை வாடகைக்கு விடுவதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஓட்டை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 75-வது பிரிவின்கீழ் 1997-ல் வந்த இருசக்கர வாகன வாடகைத் திட்டப்படி இதற்குத் தனி உரிமம் வேண்டும். வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த வண்டிக்கான பாலிசியை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், விபத்து நடந்த அன்று காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக் காரணம் கிடைத்துவிடும்.

இங்கே வெய்வரின் எல்லை இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்கூட்டர் எடுத்தவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால், சாலையோரம் நடந்துபோய் அடிபட்டவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் உரிமையைப் பற்றி மற்ற இருவர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. சிறுவரிடம் வண்டியைக் கொடுத்து அவர் குற்றம் இழைத்தால், 199ஏ பிரிவில் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் காத்திருக்கின்றன.

முத்திரைத்தாள் கட்டாயமா? வாட்ஸ்அப் செல்லுமா?

‘பாண்டு பேப்பரில் எழுதினால்தான் செல்லும்’ என்பது பரவலான நம்பிக்கை. ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பது இருதரப்பின் சம்மதம்தான். முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டிய ஆவணத்தில் அதைச் செலுத்தாவிட்டால், நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கும்போது சிக்கல் வரும். தீர்வையையும் அபராதத்தையும் கட்டி அதைச் சரிசெய்ய முடியும். முத்திரையில்லாததாலேயே ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு விளக்கியிருக்கிறது. பெரிய தொகைக்கான, நீண்ட கால ஒப்பந்தமென்றால் வழக்கறிஞரைக் கேட்டு உரிய முத்திரைத்தாளில் எழுதுவதே பாதுகாப்பு.

க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து மொபைலில் படிவம் நிரப்புவதும் செல்லும். மின்னணு முறையில் நடந்தது என்பதாலேயே ஓர் ஒப்பந்தத்தை நிராகரிக்க முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஏற்றார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

மொழிதான் பலர் மறக்கும் விஷயம். இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்வதுதான் சம்மதம் என்கிறது சட்டம். மதுராந்தகத்திலிருந்து வந்த குடும்பத்திடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் அது எப்படிச் சம்மதமாகும்? தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, முடிந்தால் இந்தியில் ஒன்று என்று இருப்பது நல்லது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, ‘படித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதி, வாசித்தவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு பக்கத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருந்தால் போதும்.

காப்பீடும் பதிவும்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை சாகசச் சுற்றுலா, முகாம் போன்றவற்றை நடத்துபவர்களுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. விபத்து வழக்கில் ‘கடைக்காரர் போதிய அக்கறை எடுத்தாரா’ என்று அளக்க இவையே அளவுகோலாகலாம்.

காப்பீட்டில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 1991-ம் ஆண்டின் ‘பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம்’ போபால் விபத்துக்குப் பிறகு அபாயகரமான ரசாயனப் பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக வந்தது. கடற்கரைக் கடைக்குத் தேவை, வணிக நிறுவனங்களுக்கான ‘பப்ளிக் லயபிலிட்டி’ பாலிசி. ‘நீர் விளையாட்டுகள் நீங்கலாக’ என்று அதன் விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி ஒளிந்திருந்தால் கட்டிய பிரீமியம் கடலில் கரைத்த பெருங்காயம்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டியது இப்போது கடைக்காரரின் முறை!

கடைக்கான வாடகை ஒப்பந்தத்திலும் கவனம் தேவை. நகர்ப்புறங்களில் எழுத்துபூர்வமான வாடகை ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்தும் தமிழக வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாமல்லபுரத்தில் கூடுதலாக இரண்டு கேள்விகள் உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தனி. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், கட்டடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்காதவர்கள் பின்னால் ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

வழக்கு எங்கே வரும்?

‘டெல்லியிலிருந்து வந்தவர், இங்கே வந்தா வழக்குப் போடப்போகிறார்?’ என்று நினைப்பது தவறு. 2019 சட்டப்படி நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டால் போதும். ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று நிபந்தனையையே எதிர்க்கும் புகார் என்றால் மாநில ஆணையத்துக்குப் போகும்.

வாடிக்கையாளருக்கும் இதில் பாடம் உண்டு. ‘கையெழுத்துப் போட்டுவிட்டோமே’ என்று நியாயமான புகாரை விட்டுவிட வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கான எண் 15100. பெண்கள், பட்டியல் இனத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் உள்ளிட்டோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். தொழில் நடத்தும் மீனவக் குடும்பங்களில் பலருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது.

படிவத்தில் இருக்க வேண்டியவை

* கடையின் பெயர், முகவரி, பதிவு எண். வாடிக்கையாளரின் பெயர், வயது, அவசரத் தொடர்பு எண்.
* எந்தப் பொருள், அதன் வரிசை எண், கொடுத்த நேரம், திரும்ப வேண்டிய நேரம், வாடகை, டெபாசிட், அதைத் திருப்பித் தரும் நேரம்.
* எங்கே வரை, யார் பயன்படுத்தலாம்; வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது.
* பொருளின் நிலை குறித்த புகைப்படப் பதிவு. சேதத்துக்கான நியாயமான தொகைப் பட்டியல்.
* விளையாட்டில் இயல்பாக உள்ள ஆபத்துகள், ஒவ்வொன்றாக.
* உடல்நலக் கேள்விகள், நீச்சல் திறன், மது அருந்தவில்லை என்ற உறுதி.
* லைஃப் ஜாக்கெட், கால் கயிறு, ஹெல்மெட் வழங்கப்பட்டது, பயன்படுத்தச் சொல்லித்தரப்பட்டது என்ற ஒப்புகை.
* கடல் சரியில்லையென்றால் நிறுத்தும் உரிமை கடைக்கு. அப்போது பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி வாடிக்கையாளருக்கு.
* 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்துக்குத் தனி இடம்.
* புகைப்படம் எடுத்து சமூக ஊடகத்தில் போட அனுமதியா, இல்லையா என்று தனியாக ஒரு கேள்வி.

படிவத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டும் இருக்க வேண்டும். அன்றைய கடல் நிலை குறித்து வானிலை ஆய்வு மையமும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் தந்த எச்சரிக்கை, போர்டுகளைச் சோதித்தவர் பெயர், பணியில் இருந்த பயிற்சியாளர்கள், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், முதலுதவிப் பெட்டி பார்த்த தேதி... தினமும் பத்து வரி எழுதினால் போதும்.

நாளை ஏதாவது நடந்தால், வாடிக்கையாளரின் கையெழுத்து உள்ள தாளைவிடக் கடைக்காரரின் கையெழுத்து உள்ள இந்த நோட்டுக்குத்தான் அதிகப் பேச்சு இருக்கும். தினமும் ஒழுங்காக எழுதப்பட்ட நோட்டு உள்ள கடையில், அப்படி ஒரு நாள் வருவதற்கான வாய்ப்பே குறைவு.